மனத்திட்பமும் துணையும்

2024ஆம் ஆண்டு மார்கழித் திங்களில் சிங்கப்பூரிலே, சென்னை இளைஞர் குகேஷ் சீனத்து டிங் லிரனை வென்று, 18 வயதில் உலகச் சதுரங்க வாகை சூடினார். முதலாட்டத்திலேயே தோற்றவர் அவர். எனினும் நிலைகுலைந்தாரல்லர். தென்னாபிரிக்கரான பாடி அப்டன் என்னும் உளப்பயிற்சியாளர் தமக்குத் துணைநின்றமையை அவரே நன்றியுடன் எடுத்துரைத்தார்.

எதிரே அமர்ந்த டிங்கோ, 2023இல் அம்முடியைச் சூடியபின் உளச்சோர்வுற்று நெடுநாள் போட்டிகளை விட்டு விலகியிருந்தவர். அதனை மறையாது உரைத்தவர். ரெனிஸ் வீராங்கனை நவோமி ஒசாக்காவும் 2021இல் பிரெஞ்சுப் போட்டியினின்று விலகி, 2018 முதல் தம்மை வருத்திய சோர்வை உலகறியச் சொன்னார். வெற்றி மனப்புண்ணுக்கு மருந்தன்று என்பதற்கு இவ்விருவரும் சான்று. வென்றோர்க்கே இந்நிலையெனில் தோற்றோர்க்கு என்ன ஆறுதல்?

அக்கராயனில் விளையாட்டுப் போட்டி முடிந்த மாலைகளில், தோற்ற பிள்ளை மைதானத்தோரம் தனித்திருக்கக் கண்டிருக்கிறேன். "மனத்தைத் திடப்படுத்து" என்று சொல்லிக் கடந்தவர்களுள் நானும் ஒருவன். போரையும் இடப்பெயர்வையும் கண்ட குடும்பங்களின் பிள்ளைகள் இவர்கள். இவர்தம் நெஞ்சின் பாரம் ஓட்டத்தில் பின்தங்கியதால் மட்டும் வந்ததென எவ்வாறு துணிவது?

திருக்குறளின் வினைத்திட்பத்தைப் பல்லாண்டு கற்பித்தேன். அதற்கு முன்னரே 'பெரியாரைத் துணைக்கோடல்' நிற்பதை இதனோடு இயைத்து எண்ணிப் பார்த்திலேன். திட்பம் ஏவலால் வருவதன்று, துணையால் வளர்வது. காலிற் சுளுக்கென்றால் ஒத்தடம் கொடுக்கிறோம். மனத்தில் நோவென்றால் வாளாவிருக்கிறோம். பயிற்சியாளரும் ஆலோசனை ஆசிரியரும் அன்று மாலையே அப்பிள்ளையின் அருகில் அமர்தல் வேண்டும். பரிசளிப்பு அதன் பின்னர் நிகழ்ந்தாலும் குறைவில்லை.