படபடப்பும் சோர்வும் குற்றமா?



மதுரை மாட்டுத்தாவணியில் இறங்கியிருக்கிறீர்களா? இன்று அங்கே இருப்பவை பேருந்து நிலையமும் பூச்சந்தையும். பெயர் மட்டும் பழங்கதை சொல்கிறது. தாவணி என்றால் மாடுகளை வரிசையாகக் கட்டும் கயிறு. மாட்டுச் சந்தைக்கும் அதுவே பெயர். சந்தைக் கூட்டத்தைக் கண்டு மிரளும் காளைக்கு மூச்சு இரைக்கும்; கண் விரியும். தேர்வு நாளன்று, ஏற வேண்டிய பேருந்து கண்ணெதிரே கிளம்பிவிட்டால் உங்களுக்கும் நெஞ்சு படபடக்கிறதல்லவா? இரண்டிலும் வேலை செய்வது ஒரே ஹார்மோன்தான். அதன் பெயர் அட்ரீனலின்.

சிறுநீரகங்களின்மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் இதைச் சுரக்கின்றன. ஜப்பானிய வேதியியலர் ஜோகிச்சி தகாமினே இதைத் தூய நிலையில் பிரித்தெடுத்து, 1901இல் அறிவித்தார். அதற்கு உதவியவை மாடுகளின் சுரப்பிகளே! அட்ரீனலின் இரத்தத்தில் கலந்ததும் இதயம் விரைந்து துடிக்கிறது. தசைகளுக்கு இரத்தம் பாய்கிறது. இது கோழைத்தனமன்று, உடலின் பாதுகாப்பு ஏற்பாடு.

அதே சுரப்பிகள் கார்ட்டிசால் என்னும் இன்னொரு ஹார்மோனையும் சுரக்கின்றன. ஆபத்து நீங்கியதும் அது குறைய வேண்டும். கவலை ஓயாமல் நீடித்தால் அது சரியாக அடங்குவதில்லை. உறக்கமும் பசியும் நினைவாற்றலும் கெடலாம். மனச்சோர்வு நோயாளிகளில் சிலருக்கு, எல்லோருக்குமன்று, கார்ட்டிசால் மிகுந்திருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியையும் மறக்கக் கூடாது. அதன் ஹார்மோன் குறைந்தால் அசதி, மறதி, மனச்சோர்வு தோன்றலாம். மிகுந்தால் கை நடுங்கும். காரணமில்லாமல் பதற்றம் வரும். 1949இல் ஆங்கிலேய மருத்துவர் ரிச்சர்டு ஆஷர், தைராய்டு குறைவால் மனம் பாதிக்கப்பட்ட 14 பேரைப் பற்றி எழுதினார். அவர்களுள் பலர் தைராய்டு மருந்தால் குணமடைந்தனர். இன்று ஓர் எளிய இரத்தப் பரிசோதனையே இக்குறையைக் காட்டிவிடும்.

அப்படியானால் எல்லாக் கவலைக்கும் ஹார்மோன்தான் காரணமா? இல்லை. வீட்டுச் சண்டை, மதிப்பெண் நெருக்கடி, கேலி, பரம்பரை எனப் பல காரணங்கள் பின்னிக் கிடக்கின்றன. ஒரு மாத்திரையில் எல்லாம் தீரும் என்பதும் தவறு; "மனசைத் திடமா வச்சுக்கோ, சரியாயிடும்" என்று சொல்லி ஒதுங்குவதும் தவறு. சர்க்கரை நோயாளியிடம், "மன உறுதியால் இன்சுலினைச் சுரந்துகொள்" என்று யாராவது சொல்வார்களா?

நன்றாகப் படித்த மாணவி திடீரெனப் பின்தங்கினால் நாம் என்ன செய்கிறோம்? "சோம்பேறி" என்று பட்டம் கட்டுகிறோம். அதற்கு முன் "என்னம்மா ஆச்சு?" என்று கேட்க வேண்டும் என்பதே என் கருத்து. இரண்டு வாரங்களுக்கு மேலும் சோர்வோ பதற்றமோ விலகவில்லையானால் மருத்துவரிடம் செல்வதே முறை. வீட்டிலோ ஆசிரியரிடமோ சொல்லத் தயக்கமா? 14416 என்ற எண்ணில் அரசின் இலவச மனநல ஆலோசனை கிடைக்கிறது. உங்கள் பக்கத்தில் அமர்ந்திருக்கும் நண்பனுக்கும் இதைச் சொல்லுங்கள்.

மாடு மிரண்டால் நல்ல உழவர் அதை அடிப்பதில்லை. தட்டிக்கொடுத்து, எதைக் கண்டு மிரண்டது என்று பார்ப்பார். மாட்டுக்குக் கிடைக்கும் அந்தப் பரிவு மாணவனுக்கும் கிடைக்க வேண்டாமா?