தொண்டு நிறுவனங்களில் ஊழியரின் குரல் எங்கே?

கிராமத்து மண்தரையில் கோலப்பொடியால் வரைபடம் போட்டு, எந்தத் தெருவுக்குக் குழாய் வேண்டும் என்பதை மக்களே சொல்லட்டும் என்று கேட்பது தன்னார்வத் தொண்டு நிறுவனங்களின் பழகிய வேலைமுறை. ‘மக்கள் பங்கேற்பு’ என்ற சொல் இல்லாத திட்ட அறிக்கையைக் காண்பது அரிது. ஆனால் அந்தக் கோலப்பொடியைச் சுமந்து செல்லும் களப்பணியாளரிடம், அடுத்த ஆண்டு நிறுவனம் எந்த ஊரில், எந்தப் பணியை, எவ்வளவு செலவில் செய்யப்போகிறது என்று கேட்டால் பெரும்பாலும் அவருக்குத் தெரியாது. இயக்குநரும் நிதி தருவோரும் பேசி முடித்தபின், எட்டவேண்டிய எண்ணிக்கை மட்டும் அவர் கைக்கு வந்து சேரும்.

இதில் அடிபடுவது ஊழியரின் தன்மானம் மட்டுமன்று. அறுவடைக் காலத்தில் பெண்களுக்குப் பயிற்சி முகாம் என்று எங்கோ ஒரு தலைநகரில் எழுதப்படுகிறது. கூலியை விட்டுவிட்டு எந்தப் பெண்ணும் வந்து உட்காரமாட்டார் என்பதைக் களப்பணியாளர் முதல்நாளே சொல்லியிருப்பார், எவரும் கேட்கவில்லை. பிறகு வருகைப் பதிவேட்டை நிரப்பும் பொறுப்பும், நிரம்பாதபோது வரும் வசவும் அவருக்கே. திட்டம் முடிந்தால் வேலையும் முடியும் என்பதால் அவர் வாய் திறப்பதுமில்லை.

‘சேவைக்கு வந்தவர்கள் உரிமை பேசலாமா?’ என்பது நிர்வாகங்கள் எடுத்து வீசும் கேள்வி. உச்ச நீதிமன்றம் 1978லேயே இதற்குப் பதில் கூறியிருக்கிறது. பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு, உழைப்பவரின் கோணத்திலிருந்து பிரச்சனையை அணுகியது. நடத்துபவர் அறம் செய்யலாம். அங்கே ஊதியத்துக்கு உழைப்பவர் அறம் செய்ய வந்தவரல்லர். அந்த அடிப்படையில் தொண்டு நிறுவனங்கள் பலவும் ‘தொழில்’ என்ற வரையறைக்குள் வந்தன. அவற்றை வெளியேற்ற 1982ல் கொண்டுவரப்பட்ட திருத்தம் நடைமுறைக்கு வரவேயில்லை.

அன்று நடக்காததை மோடி அரசு தொழிலுறவுச் சட்டத்தொகுப்பின் வழியே நடத்தி முடித்துள்ளது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள இத்தொகுப்பு, முழுமையாகவோ பெருமளவிலோ அறப்பணி, சமூகப்பணியில் ஈடுபடும் அமைப்புகளின் நிறுவனங்களைத் ‘தொழில்’ வரையறையிலிருந்து விலக்குகிறது. தொழிலாளர் பிரதிநிதிகள் நிர்வாகத்தரப்பினரின் எண்ணிக்கைக்குக் குறையாமல் அமரும் பணிக்குழுவைக்கூடச் சட்டத்தைக் காட்டிக் கோரும் வழி இவ்வூழியர்களுக்கு அடைக்கப்படுகிறது. நிர்வாகத்தில் தொழிலாளர் பங்கேற்பைக் கூறும் 43ஏ பிரிவு 1976 முதல் அரசியல் சாசனத்தில் இருக்கிறது, ஏட்டில் இருக்கிறது.

வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020 திருத்தம் இன்னொரு முனை. அது நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆக வெட்டியது. பெற்ற நிதியைச் சிறிய அமைப்புகளுடன் பகிர்வதையும் தடை செய்தது. நெருக்கடி வரும்போது யாரை அனுப்புவது, எந்தப் பணியை நிறுத்துவது என்பதும் மூடிய கதவுக்குள்ளேதான் முடிவாகிறது. ஆட்சியாளர்களின் ஒடுக்குமுறையைக் கண்டிக்கும் தொண்டு நிறுவனத் தலைமைகள் இதைப்பற்றிப் பேசுவது குறைவு.

வேறு வழியில் நடத்த முடியும் என்பதற்குத் தல்லி ராஜ்ஹரா சான்று. 1977 துப்பாக்கிச்சூட்டில் உயிரிழந்த தோழர்களின் நினைவாக, சங்கர் குஹா நியோகி தலைமையிலான சுரங்கத் தொழிலாளர் சங்கம் 1983ல் அங்கே ஷஹீத் மருத்துவமனையைத் தொடங்கியது. கட்டடம் தொழிலாளர்களின் பணத்தாலும் உடலுழைப்பாலும் எழுந்தது. தொழிலாளர்களிலிருந்தே பலர் பயிற்சி பெற்றுச் சுகாதாரப் பணியாளர்களாகி மருத்துவர்களோடு சேர்ந்து உழைத்தனர். நோயாளியின் தெருவிலேயே வாழ்ந்தவர்கள் அவர்கள். எது தேவை என்பதை அவர்களுக்கு வெளியாள் வந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தொண்டு நிறுவன அரசியல் மீது இடதுசாரிகளுக்குள்ள விமர்சனம் பழையது, நியாயமானது. அந்த விமர்சனத்தின் பெயரால் அங்கே சொற்ப ஊதியத்துக்கு உழைப்பவரைத் தொழிற்சங்கப் பணிக்கு வெளியே விட்டுவைத்தது மட்டும் நியாயமன்று. ஆண்டுக்கொருமுறை விடுதியில் கூட்டி, வண்ணத்தாளில் கருத்தெழுதிச் சுவரில் ஒட்டச் சொல்வதைக் கலந்தாய்வு என்று அவர்கள் ஏற்கவேண்டியதில்லை. நிர்வாகக் குழுவில் ஊழியர்கள் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதி வேண்டும். வரவுசெலவு அவர்கள் பார்வைக்கு வரவேண்டும். திட்ட முன்மொழிவு பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகிறது; களப்பணியாளர்களை வெளியே நிறுத்த அதுவே போதும். நிதி தருவோருக்கு அனுப்புவதற்கு இரண்டு வாரம் முன்பாக, அவர்கள் வாசிக்கும் மொழியில் அதை அவர்கள் கையில் தரவேண்டும் என்பதிலிருந்து சங்கங்கள் தொடங்கலாம்.