சாய்தூணும் நேர்த்தூணும் சேரும் இடம்

பதுளை மாவட்டத்துப் பசறையில் கட்டடம் கட்டச் சமதரை கிடைப்பது அரிது. தோட்டத்தில் பிரித்துக் கொடுக்கும் 7 பேர்ச் காணியானாலும் லுணுகலை வீதியோரக் கடையானாலும், முன்பக்கம் பாதை மட்டத்தில் இருக்க, பின்பக்கம் பள்ளத்தில் இறங்கிவிடும். அந்தப் பக்கம் சிலாப்பைச் சற்று வெளியே நீட்டி, நேர்த்தூணின் அடியிலிருந்து ஒரு சாய்தூணை எழுப்பித் தாங்குவது ஒரு வழி. அதை ரெவிட் மென்பொருளில் வரையும்போது இளம் படவரைஞர்கள் பலர் தடுமாறுகிறார்கள். இரண்டு தூண்களும் திரையில் ஒட்டுவதில்லை. அல்லது ஒட்டியதுபோல் தெரிந்தாலும் உண்மையில் ஒட்டியிருப்பதில்லை.

முதலில் வடிவத்தைப் பார்ப்போம். சாய்தூணுக்கு இரு முனைகள். ஒவ்வொன்றுக்கும் தளமட்டத்தையும் அதிலிருந்து எவ்வளவு தள்ளி என்பதையும் கொடுக்க வேண்டும். முனை எப்படி வெட்டப்பட வேண்டும் என்பதும் நம் தெரிவுதான்: தூணின் அச்சுக்குச் செங்குத்தாக, கிடையாக, அல்லது நிலைக்குத்தாக. நேர்த்தூணின் முகத்தில் போய்ச் சேரும் முனைக்கு நிலைக்குத்து வெட்டே பொருந்தும். பிறகு ‘ஜொயின் ஜியோமெட்ரி’ கட்டளையால் இரண்டையும் சேர்த்தால், ஒன்றின்மேல் ஒன்று ஏறிய பகுதி நீங்கும். கொங்கிரீட் அளவு இருமுறை கணக்கிடப்படாது.

இத்தோடு வேலை முடிந்தது என்று நினைப்பதில்தான் ஆபத்து இருக்கிறது. அந்தக் கட்டளை சேர்ப்பது உருவத்தை மட்டுமே. பாரம் எந்த வழியாக இறங்குகிறது என்பதைக் கணிக்கும் பகுப்பாய்வு மாதிரி வேறு. ரெவிட் 2023 பதிப்பிலிருந்து அது உருவ மாதிரியோடு தானாகப் பிறப்பதும் இல்லை. தனியாக உருவாக்க வேண்டும். அதில் இரு தூண்களின் அச்சுக்கோடுகளும் ஒரே புள்ளியில் சந்திக்க வேண்டும். 100 கிலோநியூட்டன் பாரம் அச்சிலிருந்து 150 மில்லிமீற்றர் விலகி இறங்கினால், தூணில் 15 கிலோநியூட்டன் மீற்றர் வளைவுத் திருப்பம் கூடுதலாக ஏறும். திரையில் எளிதில் கண்ணில் படாத விலகல், கம்பிக் கணக்கையே மாற்றிவிடும்.

இதைவிடப் பெரியது பக்கத் தள்ளல். சுவரில் சாய்த்த ஏணியின் கால் வழுக்கப் பார்ப்பதும் இதனால்தான். நிலைக்குத்திலிருந்து 30 பாகை சாய்ந்த தூண் 100 கிலோநியூட்டன் பாரத்தைத் தாங்கினால், ஏறத்தாழ 58 கிலோநியூட்டன் விசை கிடையாகவும் பிறக்கிறது. அது கிட்டத்தட்ட 6 தொன் எடைக்குச் சமம். 15 பாகைச் சாய்வில் அந்த விசை 27 கிலோநியூட்டனாகக் குறையும். 45 பாகையில் 100 ஆக ஏறும். மேல்முனையில் இந்த விசை சிலாப்பைப் பள்ளத்தின் பக்கம் தள்ளும். அதை இழுத்துப் பிடிப்பது பீம். அதன் கம்பிகள் நேர்த்தூணுக்குள் போதிய நீளம் சென்று நங்கூரமிட வேண்டும். கீழ்முனையில் அதே விசை நேர்த்தூணை மேட்டுப் பக்கம் தள்ளும். சந்திப்பு அத்திவார மட்டத்தில் இருந்தால் அத்திவாரம் அதை ஏற்கும். தூணின் நடு உயரத்தில், பீம் எதுவும் இல்லாத இடத்தில் இருந்தால், தூண் வளையும்.

வெளியே நீட்டிய பாரம் முழுக் கட்டடத்தையும் பள்ளத்தின் பக்கம் கவிழ்க்கப் பார்க்கும் என்பதால், அத்திவாரத்தின் பள்ளத்து விளிம்பில் அழுத்தம் கூடும். அந்த விளிம்பு மண் எப்படிப்பட்டது என்பது ரெவிட்டுக்குத் தெரியாது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்சரிவில் புதைந்ததைக் கண்ட ஊவா மக்களுக்கு மண்ணின் முக்கியத்துவம் தெரியும். மண்சரிவு அபாயமுள்ள இடத்தில் கட்டுவதற்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரையைக் கேட்பது இதற்காகத்தான்.

ஆகவே, சாய்தூண் உள்ள எந்த வரைபடத்திலும் மூன்று விடயங்கள் இருக்க வேண்டும்: அச்சுகள் சந்திக்கும் புள்ளி, பக்கத் தள்ளலைத் தாங்கும் பீம், அந்தப் பீமின் கம்பி நங்கூர நீளம். பதுளையில் மென்பொருள் கற்பிப்பவர்கள் கட்டளைகளோடு இவற்றையும் கற்பிக்க வேண்டும். படவரைஞர் இவற்றைக் குறித்து, பொறியியலாளர் சரிபார்த்துக் கையொப்பமிட்ட பிறகே அந்தத் தாள் மேசன் கைக்குப் போக வேண்டும்.