மழை மாதங்களின் கணக்கு



தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர் ஒருவர் தம் மனைவியுடன் நம்மிடம் வந்தார். ஆலையொன்றில் நிரந்தர வேலை கிடைத்துள்ளதாம். “நாளுக்கு 600 ரூபாய் வாங்குகிறவன் மாதம் 11,000 ரூபாய்க்குப் போவதா, சாமி?” என்றார்.

தாளெடுத்துக் கணக்கிட்டோம். மழை தொடங்கினால் அளத்தில் மூன்று மாதம் வேலையில்லை. மாதம் 25 நாள் வீதம் ஒன்பது மாதத்திற்கு 1,35,000. ஆலையில் ஆண்டு முழுவதற்கும் 1,32,000. வேறுபாடு 3,000 மட்டுமே! வருங்கால வைப்பு நிதிக்கு ஆலை தன் பங்காகத் தரும் 12 விழுக்காடோ 15,840 ஆகும். குடும்பத்திற்கு ஈ.எஸ்.ஐ. மருத்துவமும், பத்தாண்டு பணி நிறைந்தால் முதுமையில் ஓய்வூதியமும் உண்டு.

“நம் சம்பளத்திலும் பிடிப்பார்களே! கைக்கு வருவது 9,600தானே?” என்றார் அவர்.

உண்மைதான், அந்நெருக்கடியை நாம் மறைக்கவில்லை. ஆனால் அம்மையார் மெல்லச் சொன்னார்: “கார்த்திகையில் வாங்கும் கடனுக்குத் தை முதல் வட்டி கட்டுகிறோமே, அதையும் எழுதுங்கள், சாமி.”

அவர் மறுமொழி கூறவில்லை.

ஒன்று மட்டும் கூறி அனுப்பினோம்: “நிரந்தரம் என்னும் வாய்ச்சொல் போதாது. நியமன ஆணையையும் வைப்பு நிதி எண்ணையும் கையில் பெற்ற பின்னரே அளத்தை விடுங்கள்.”