உறியும் பலகையும்

ஸ்ரீமத் பாகவதத்தின் பத்தாம் ஸ்கந்தத்தில், ஆயர்பாடிப் பெண்கள் யசோதையிடம் வந்து கண்ணன்மீது முறையிடும் இடம் அன்பர்கள் பலமுறை கேட்டு மகிழ்ந்ததுதான். வெண்ணெயையும் தயிரையும் கைக்கெட்டாத உயரத்தில் உறிகட்டித் தொங்கவிட்டாலும், பலகையையும் உரலையும் அடுக்கி ஏறி எடுத்துவிடுகிறான். அப்படியும் எட்டாவிட்டால் கீழிருந்தே பானையில் துளையிட்டுவிடுகிறான் என்பது அவர்களுடைய புகார். உபந்யாசகர் இந்தக் கட்டத்தைச் சொல்லும்போது சபை முழுவதும் சிரிக்கும். நானும் சிரித்தவன்தான். சென்ற புரட்டாசிக்குப் பிறகு அப்படிச் சிரிக்க இயலவில்லை.

கண்ணன் ஏறினால் அது லீலை. என் துணைவியார், அறுபத்து மூன்று வயதில், புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமைத் தளிகைக்காக அட்டாலியிலிருந்து வெண்கலப் பானையை எடுக்க முக்காலிமேல் ஏறினார். (எங்கள் கொங்குப் பக்கத்தில் பரணை அட்டாலி என்போம்.) பானை கைக்கு வந்தது, முக்காலி நகர்ந்தது. வலக்கை மணிக்கட்டு எலும்பு முறிந்து, ஆறு வாரம் மாவுக்கட்டு. அவ்வாண்டுத் தளிகையை நான் குக்கரில் செய்து பெருமாளுக்குப் படைத்தேன். சர்க்கரைப் பொங்கல் அடிப்பிடித்துவிட்டது. பெருமாள் பொறுத்துக்கொண்டார், துணைவியார் ஒன்றும் சொல்லவில்லை, அதுவே பெரிது.

மாவுக்கட்டோடு அவர் நாற்காலியில் அமர்ந்திருக்க, அந்த ஆறு வாரமும் சமையலறையில் நின்றபோதுதான் நாற்பதாண்டுகளாக அவர் எத்தகைய இடத்தில் உழைத்து வந்தார் என்பது எனக்குத் தெரிந்தது. பெருங்காயத்தைத் தேடி ஐந்து எவர்சில்வர் டப்பாக்களைத் திறந்தேன். ஐந்தும் ஒரே உருவம். உளுந்து டப்பாவுக்குப் பின்னால் இன்னொரு உளுந்து டப்பா இருந்தது, அதில் வண்டு. உப்பையும் ரவையையும் வாசனையில் வேறுபடுத்த முடியாது என்பதையும் அப்போதுதான் கற்றேன். அன்றாடம் வேண்டியவை குனிந்தால் மட்டுமே எட்டும் அலமாரியிலும், ஆண்டுக்கு ஒருமுறை வேண்டியவை ஏறினால் மட்டுமே எட்டும் அட்டாலியிலும் இருந்தன. நின்ற நிலையில் கைக்கெட்டும் உயரத்தில் சுவர் வெறுமையாக இருந்தது; ஒரு நாட்காட்டி மட்டும் தொங்கிற்று.

பெங்களூரிலிருந்து வந்த மருமகள் அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு, "மாமா, இங்கே ஃப்ளோட்டிங் ஷெல்ஃப் போட்டுடலாமே" என்றார். தாங்கும் கட்டை எதுவும் வெளியே தெரியாமல், சுவரிலிருந்து முளைத்தாற்போல் நிற்கும் பலகை. மிதக்கும் பலகை என்று நான் தமிழாக்கினேன். பெயர் புதிது, பொருள் அத்தனை புதிதன்று. உறியே கூரை விட்டத்தில் தொங்கி மிதந்த அலமாரிதானே! எறும்பு ஏறாது, பூனை எட்டாது, நாற்புறமும் காற்று புகும். நம் வீடுகளில் கடப்பைக் கல்லின் ஒரு விளிம்பைச் சுவருக்குள் செருகிப் பூசிவிட்டு, மேலே பித்தளைத் தவலைகளைப் பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கி வைத்ததும் இந்த வகையைச் சேர்ந்ததே. என் தாயார் அந்தக் கல்லின்மேல் செய்தித்தாளை விரித்து, முன்பக்கம் தொங்கும் ஓரத்தைக் கத்தரிக்கோலால் பூ இதழ்போல் வெட்டிவிடுவார். பொங்கலுக்குப் பொங்கல் தாள் மாறும். புளியிட்டுத் தேய்த்த தவலைகளில் விளக்கொளி பட்டுத் தெறிக்கும். அதற்குமேல் ஓர் அலங்காரத்தை நான் எந்தச் சமையலறையிலும் கண்டதில்லை.

பலகை மாட்டும் வேலை எளிதாக முடியவில்லை. எங்கள் வீடு ஜேடர்பாளையத்தில் படுகை அணைக்குச் செல்லும் வழியில் உள்ளது, தந்தையார் கட்டியது. பழைய கட்டுச் சுவர்கள் செங்கல்லை மண்சாந்தில் வைத்துக் கட்டி, மேலே சுண்ணாம்புப் பூச்சிட்டவை. ஆயத்தமாக விற்கும் பலகை ஒன்றை வாங்கி வந்து, தெரிந்த ஒருவரைக் கொண்டு துளையிட்டு மாட்டினேன். மூன்றாம் நாள் இரவு பூச்சோடு பெயர்ந்து விழுந்தது. நல்லவேளை, கீழே யாரும் இல்லை. பிறகு வந்த ஆசாரி சுவரை விரலால் தட்டிப் பார்த்தார். "ஏனுங்கய்யா, இது மண்ணுச் சுவருங்க. ஆணியை எங்க புடிச்சு நிறுத்தும்? அந்தப் பக்கம் புதுசா கட்டுனது சிமிட்டிச் சுவருங்களே, அங்க போட்டா யானை கட்டலாமுங்க" என்றார்.

அவர் விளக்கியதை என் கணக்கறிவுக்கு எட்டியவரை எழுதுகிறேன். இத்தகைய பலகையின் உள்ளே இரும்புக் கம்பிகள் ஒளிந்திருக்கின்றன. அவற்றின் மறுமுனை சுவருக்குள் இருக்கிறது. பலகையின்மேல் வைக்கும் பாரம் கீழ்நோக்கி அழுத்துவதோடு, கம்பியைச் சுவரிலிருந்து வெளியே நெம்பவும் செய்கிறது. பலகை அகலமாக ஆக, பாரம் முன்விளிம்புக்கு வர வர, நெம்பும் வலு கூடும். ஆகவே சுட்ட செங்கல்லும் சிமெண்டும் கொண்ட சுவரோ கான்கிரீட்டோ வேண்டும். மண்சாந்துச் சுவரும், உள்ளே வெற்றிடம் உள்ள ஹாலோ பிளாக் சுவரும் இதற்கு ஏற்றவை அல்ல. அப்படிப்பட்ட வீட்டில் வசிப்போர், அடியில் முக்கோணத் தாங்கி வைத்த பலகையோ தரையில் ஊன்றி நிற்கும் அலமாரியோ வைத்துக்கொள்வதே நலம். எங்கள் ஒன்பது அங்குலச் சுவரில் நான்கு அங்குல ஆழம் துளையிட்டுக் கம்பிகளை இறுக்கினார். மாட்டி முடித்தபின், ஒவ்வொரு பலகையிலும் பத்துக் கிலோ அரிசிப் பை இரண்டை வைத்து ஓர் இரவு விட்டுவிட்டுக் காலையில் வந்து பார்த்த பிறகே கூலி வாங்கினார். வங்கியில் ஜாமீன்தாரரைச் சோதிப்பதில்கூட நாங்கள் இத்தனை கண்டிப்பு காட்டியதில்லை.

உயரத்தை அளவுநாடாவால் தீர்மானிக்க வேண்டாம் என்று துணைவியாரைச் சுவரருகே நிற்கச் சொன்னோம். குதிகால் தரையில் பதிந்திருக்க, உடலை நீட்டாமல் கையை உயர்த்தினார். உள்ளங்கை பதிந்த இடத்தில் ஆசாரி சுண்ணக்கட்டியால் கோடிட்டார். மேல்பலகை அந்தக் கோட்டுக்குக் கீழே. கீழ்ப்பலகை மேடையிலிருந்து பதினெட்டு அங்குலத்தில், மிக்ஸி ஜாடி இடிக்காத அளவில். அகலம் எட்டே அங்குலம். இன்னும் அகலமாக இருந்தால் என்ன என்று நான் கேட்டதற்குத் துணைவியார்தான் விடை சொன்னார்: "ரெண்டு வரிசை வெச்சா பின்வரிசைய மறந்துருவோமுங்க." வண்டு பிடித்த உளுந்து எனக்கு நினைவு வந்தது.

அடுப்புக்கு நேர்மேலே பலகை வேண்டாம் என்பதில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். எண்ணெய்ப் புகை படிவது ஒருபுறமிருக்க, எரியும் தீயைத் தாண்டிக் கைநீட்டும்போது முந்தானை பற்றிக்கொள்ளும். மருமகள் கேட்டபடி சுவாமி படத்தையும் அந்தப் பலகையில் வைக்கலாமா என்ற பேச்சு வந்தது. மேலே இன்னொரு பலகை இருக்க, அடியில் அகல் ஏற்றினால் மரம் கருகும். சுவாமிக்கு வடகிழக்கு மூலையில், தலைக்குமேல் ஒன்றுமில்லாத தனிப்பலகை அமைத்தோம். விளக்கின் அடியில் பித்தளைத் தாம்பாளம்.

செலவுப் பெட்டி, அதாவது அஞ்சறைப் பெட்டி, இப்போது கீழ்ப்பலகையில் அடுப்புக்கு ஒரு முழம் தள்ளி இருக்கிறது. பருப்பு வகைகள் மூடியிட்ட கண்ணாடி ஜாடிகளில். ஒவ்வொன்றிலும் தமிழில் பெரிய எழுத்தில் சீட்டு. வெல்லத்தை மட்டும் பலகையில் வைக்கவில்லை. கரும்பு விளையும் ஊரில் இருந்துகொண்டு, காற்றின் ஈரம் பட்டால் வெல்லம் கசியும் என்பதைச் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அது பீங்கான் ஜாடியில், நீராவி படாத மூலையில். திறந்த பலகைக்குக் குறை ஒன்று உண்டு, தூசி. ஆடிக் காற்றில் வாரம் இருமுறை துடைக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பணி எனக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. மருமகள் அழகுக்காக வைத்துச் சென்ற கொடிச்செடி இரண்டு வாரத்தில் இடம் மாறி, அங்கே சொம்புத் தண்ணீரில் கறிவேப்பிலைக் கொத்து நிற்கிறது. முதல் வெள்ளிக்கிழமை பலகைகளின் முகப்பில் மஞ்சள் குங்குமமும் ஏறிவிட்டன.

எஞ்சியது அட்டாலி. அங்கே இருந்தவற்றை நானே இறக்கி, பழைய வழக்கப்படி பட்டியல் எடுத்தேன். 41 உருப்படிகள். பித்தளை அண்டா, தவலை, செம்புக் குடம், வாளி, கரண்டி வகைகள். பலவற்றின் கழுத்தில் என் பாட்டியார் பெயரும், தாயார் பெயரும் உளியால் புள்ளி புள்ளியாகப் பொறிக்கப்பட்டிருந்தன. வங்கியில் இரண்டு ஆண்டுகள் வாடிக்கையாளர் வரவோ செலவோ செய்யாத சேமிப்புக் கணக்கு செயல்படாக் கணக்காகிவிடும். பத்து ஆண்டுகள் அப்படியே கிடந்தால் தொகை ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். அதே அளவுகோலால் துணைவியாரைக் கேட்டேன். கடந்த இரண்டு ஆண்டுகளில் அவர் தொட்டவை 7. அதைக் கேட்டதும் அவர் முகம் வாடியது. "அத்தை கையால தேச்ச பாத்திரமுங்க, கடையில எடைக்குப் போடறதா?" என்றார். மணிக்கட்டு முறிந்தபோதுகூட அவர் கண்ணில் நீர் வரவில்லை.

ஒரு மாதம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பிறகு அவரே ஒரு வழி சொன்னார். அறநிலையத் துறைக் கோயில்களில் 2002ஆம் ஆண்டு முதல் அன்னதானத் திட்டம் நடந்துவருவதை அன்பர்கள் அறிவார்கள். அப்படி அன்னதானம் நடக்கும் ஒரு கோயிலில் கேட்டோம். வீட்டில் புழங்கிய பாத்திரம் நிவேதனத்துக்கு ஆகாது, பரிமாறும் கூடத்துக்கு ஆகும் என்றனர். 12 பாத்திரங்களைத் தேர்ந்தோம். பித்தளையில் புளி சேர்ந்த உணவை வைக்க உட்புறம் வெள்ளீயம் பூச வேண்டும். வெண்கலத்துக்கு அது தேவையில்லை. ஈயம் பூசுபவரைத் தேடி இரண்டு வாரம் அலைந்தேன். அந்தத் தொழில் அருகிவிட்டது. மகனும் மகளும் 4 உருப்படிகள் எடுத்துக்கொண்டனர். மீதி 18ஐ எடைக்குத்தான் கொடுத்தோம். எடைபோடும்போது துணைவியார் கடைக்கு வரவில்லை.

சென்ற மாதம் அந்தக் கோயிலுக்குச் சென்றிருந்தோம். பந்தியில் அமர்ந்திருந்த எங்கள் இலைக்குச் சாம்பார் வந்தது பாட்டியார் பெயர் பொறித்த வாளியில். பரிமாறிய இளைஞருக்கு அது தெரியாது. துணைவியார் இரண்டாம் முறையும் சாம்பார் கேட்டு வாங்கினார்.

வெண்கலப் பானை இப்போது மேடைக்கடியில், இடுப்புயரத்துக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. பாரமானது பலகையில் ஏறக் கூடாது என்பது ஆசாரியின் கட்டளை. அட்டாலி காலி. அந்த முக்காலியை என்ன செய்வதென்று மட்டும் முடிவாகவில்லை. துளசி மாடத்தருகே கிடக்கிறது. மாலையில் அதன்மேல் அமர்ந்து அவர் பூத் தொடுக்கிறார்.