மூக்கிலே சதை

தமிழில் எனக்குப் பிடிக்காத வாக்கியம் ஒன்று உண்டு. "மூக்கிலே சதை வளர்ந்திருக்கிறது" என்பதுதான் அது. இலக்கணப் பிழை ஒன்றும் அதில் இல்லை. ஆனால் அந்த மூன்று வார்த்தைகளை நம்பி எத்தனையோ பேர் ஆபரேஷன் மேஜையில் போய்ப் படுத்திருக்கிறார்கள். 1987-ஆம் வருஷத்தில் நானும் படுத்தேன். அந்த உரிமையில்தான் இந்தச் சண்டையை ஆரம்பிக்கிறேன்.

சென்ற மாதம் என் மருமான் திருச்சியிலிருந்து வந்து இறங்கினான். கையில் பெரிய உறை. உள்ளே ஸ்கேன் படம்.

"மாமா, எனக்கு சைனஸ் இருக்கிறதாம். தண்டு வளைந்திருக்கிறதாம். சதை வேறு வளர்ந்திருக்கிறதாம். வெள்ளிக்கிழமை ஆபரேஷன். பணம் இன்ஷூரன்ஸில் வந்துவிடும்" என்றான், உத்தியோக உயர்வு கிடைத்தவன் மாதிரி.

"சைனஸ் இருக்கிறதா? நல்லவேளை!" என்றேன். அவன் விழித்தான்.

சைனஸ் என்பது வியாதியின் பெயரே அல்ல. நெற்றியில், கன்னத்தில், இரு கண்களுக்கும் நடுவில், மூக்குக்குப் பின்னால் ஆழத்தில் என்று முக எலும்புகளுக்குள்ளே இருக்கும் காற்றறைகள் அவை, நான்கு ஜோடி. அவற்றின் வாசல் அடைபட்டு, உள்ளே அழற்சி ஏற்பட்டு, சளி தேங்கினால் அதுதான் வியாதி. "எனக்கு வயிறு இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டு யாரும் வைத்தியரிடம் ஓடுவதில்லை. சைனஸ் விஷயத்தில் மட்டும் ஓடுகிறோம்.

தண்டு சமாசாரமும் ஏறக்குறைய இப்படித்தான். அம்பு போல் நேராக நடுச்சுவர் உள்ள மூக்கு அபூர்வம். வளைந்திருந்தும் சுகமாக மூச்சு விடுகிறவனுக்கு அதை நிமிர்த்த வேண்டிய அவசியம் இல்லை. வளைவினால் நிஜமாகவே மூச்சு முட்டுகிறவன் கதை வேறு. நெதர்லாந்தில் அப்படிப்பட்ட 203 பேரைச் சேர்த்து, பாதிப் பேருக்கு ஆபரேஷனும் மற்றவர்களுக்கு மருந்து முதலியவையும் என்று வைத்துப் பார்த்தார்கள். 2019-இல் வெளிவந்த முடிவு ஆபரேஷனுக்கே சாதகம். 2023-இல் பிரிட்டனில் வெளிவந்த பரிசோதனையும் அதையே சொல்லிற்று. ஆகவே, கத்தியே கூடாது என்று கோஷம் போடும் கூட்டத்தில் என்னைச் சேர்த்துவிடாதீர்கள். என் வழக்கெல்லாம் அந்தச் 'சதை'யைப் பற்றியதுதான்.

நம் வீடுகளில் மூன்று வெவ்வேறு வஸ்துக்களுக்கு இந்த ஒரே பெயரைச் சூட்டியிருக்கிறோம். குழந்தைகளுக்கு மூக்கின் பின்புறம், தொண்டைக்கு மேலே இருப்பது அடினாய்டு. அது பெரும்பாலும் வாலிபம் வருவதற்குள் தானாகவே சுருங்கிவிடும். பெரியவர்களுக்குச் சில சமயம் திராட்சைக் குலை போல் வெளிறித் தொங்குவது பாலிப். அதுதான் உண்மையில் புதிதாக வளர்ந்த சதை. எடுத்தாலும் மறுபடி தலை காட்டும் சுபாவம் அதற்கு உண்டு; ஆகையால் ஆபரேஷனுக்குப் பிறகும் ஸ்பிரேயும் உப்புநீரும் விடாமல் வேண்டும். மூன்றாவதாக, மூக்கின் பக்கச் சுவரில், பக்கத்துக்கு மூன்றாக, சுருள் எலும்பின் மேல் போர்த்திய மடிப்புகள் இருக்கின்றன. டர்பினேட் என்பார்கள். இது வளரவில்லை, ஐயா! பிறக்கும்போதே நம்மோடு வந்தது. கல்லீரலைப் போல், காதைப் போல், இதுவும் ஓர் அவயவம்.

அதற்கென்று வேலையும் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டு உள்ளே அனுப்புகிறது. சில மணி நேரத்துக்கு ஒரு முறை ஒரு பக்கம் வீங்கி, மறு பக்கம் சுருங்கி, முறை மாற்றிக்கொள்கிறது. இடகலை, பிங்கலை என்று நம் சித்தர்கள் கணக்குப் பார்த்த விஷயத்தை 1895-இல் கைசர் என்ற ஜெர்மன் வைத்தியர் தம் பாஷையில் எழுதி வைத்தார். இந்த முறை மாற்றத்தையே வியாதி என்று எண்ணிக்கொண்டு, "ராத்திரியில் ஒரு பக்கம் அடைக்கிறது, டாக்டர்" என்று போய் நிற்பவர்கள் எத்தனை பேர்!

1987-இல் எனக்கு இருந்தது அலர்ஜி. கீழ்ச் சதை இரண்டையும் அடியோடு வெட்டி எடுத்தார்கள். அந்த டாக்டர் கெட்டவர் அல்ல. அக்காலத்தில் பலர் அப்படிச் செய்தார்கள். இன்று என் மூக்குக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் கல்யாண மண்டபம் மாதிரி விசாலமாக இருக்கும். ஆனால் காற்று வருவதே எனக்குத் தெரிவதில்லை. மூச்சு வருகிறது என்ற உணர்வைக் கொடுப்பது காற்று பட்டு அந்தச் சதை குளிர்வதுதான். (மெந்தால் தைலம் அடைப்பை நீக்குவதில்லை, குளிர்ச்சியைக் காட்டி ஏமாற்றுகிறது.) சதை போனதும் உணர்வும் போயிற்று. வறட்சி, பொருக்கு, தூக்கமில்லாத இரவுகள். வெட்டிக்கொண்ட எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனவர்கள் இருந்ததால்தான் 1990-களில் அமெரிக்காவின் மேயோ கிளினிக் டாக்டர்கள் இதற்கு 'வெற்று மூக்கு' என்று பெயர் வைத்தார்கள்.

இந்த வைத்தியத்தின் சரித்திரமே கத்தி அடக்கம் கற்றுக்கொண்ட கதைதான். நியூயார்க்கில் கால்டுவெல் 1893-இலும், பாரிஸில் லூக் 1897-இலும் காட்டிய வழியில், மேலுதட்டை விலக்கி, கன்ன எலும்பைத் துளைத்து, சைனஸின் உட்தோலைச் சுரண்டினார்கள். சளி தண்ணீர் மாதிரி கீழ்நோக்கி வடியும் என்று எண்ணி அடியில் புது வாசலும் வைத்தார்கள். ஆஸ்திரியாவில் கிராட்ஸ் நகரத்து மெஸ்ஸர்க்ளிங்கர் குழாய்க் கண்ணாடியை உள்ளே விட்டுப் பொறுமையாகப் பார்த்தார். கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் சளியை மேலே இருக்கும் பழைய வாசலுக்கே தள்ளிக்கொண்டு போகின்றன என்று தெரிந்தது. அப்புறம்தான், அடைபட்ட வாசலை மட்டும் திறந்துவிட்டு மற்றதைத் தொடாமல் விடும் எண்டாஸ்கோப் முறை வந்தது. டர்பினேட்டையும் இப்போது நல்ல கைகள் மேல்தோலைக் காப்பாற்றி, உள்ளே மட்டும் சுருக்குகின்றன.

கைகள் கற்றுக்கொண்டன; நம் வாய் கற்றுக்கொள்ளவில்லை. இன்னும் 'சதை' என்கிறோம். சதை என்றாலே வேண்டாத பொருள், எடுத்து எறிய வேண்டியது என்று கேட்பவன் மனத்தில் விழுந்துவிடுகிறது. அப்புறம் அவன் காகிதத்தில் கையெழுத்துப் போடுவதைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது? நோயாளிக்குப் புரியும்படி பேசுகிறோம் என்று டாக்டர்கள் சொல்வார்கள். புரியும்படி அல்ல, கேள்வி கேட்காதபடி பேசுகிறார்கள்.

மருமானோடு நானும் புறப்பட்டேன். டாக்டர் வயதில் சின்னவர். மரியாதையாக உட்காரச் சொன்னார்.

"நீங்கள் சதை என்று சொன்னது எதை, டாக்டர்?"

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். "டர்பினேட்தான், சார். அலர்ஜியில் தடித்திருக்கிறது."

"அலர்ஜிக்கு மருந்து ஏதாவது?"

மருமான் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் புட்டியை எடுத்து வைத்தான். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்து. பதினோரு மாதமாகப் போட்டு வருகிறானாம். நாலைந்து நாளுக்கு மேல் போட்டால் அதுவே மூக்கை அடைக்கும் மருந்து!

"இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை?" என்று டாக்டர் சீறினார்.

"நீங்கள் கேட்கவில்லையே, சார்."

டாக்டரின் முகம் சிவந்தது. சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு வெள்ளிக்கிழமையை அடித்துவிட்டு, ஸ்டீராய்டு ஸ்பிரேயும் உப்புநீரும் எழுதிக் கொடுத்தார். மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம், தண்டை ஒருவேளை அப்போதும் நிமிர்த்த வேண்டியிருக்கலாம் என்றார். நியாயமான பேச்சு.

சொட்டு மருந்தை நிறுத்திய முதல் வாரம் பையன் தூங்கவே இல்லை. என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வாயால் மூச்சு விட்டுக்கொண்டு என்னைத் திட்டாமல் திட்டினான். நானும்தான் தூங்கவில்லை. இரவு இரண்டு மணிக்கு, கொதிக்க வைத்து ஆற்றிய உப்புநீரை ஆளுக்கொரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு இருவரும் கொல்லைப்புறம் போனோம்.