பல்பு மாற்றவும் ஆள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மூத்தோர் வீடுகளில் கைப்பிடிக் கம்பி பொருத்தித் தரும் ‘ஈஸ்’ திட்டம் பற்றிய கட்டுரையை வரவேற்கிறேன். 2012இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) தொடங்கிய திட்டம். சிங்கப்பூரர்களுக்குச் செலவில் 95 விழுக்காடு வரை மானியம். குளியலறைத் தரை வழுக்காமலிருக்கவும் வழி செய்கிறார்கள். நல்லது.

ஆனால் சில்லறைப் பழுதுகளுக்கு யார் வருவார்கள்? எங்கள் மாடியில் தனியாக வசிக்கும் பாட்டி, கூடத்து விளக்கு எரியவில்லையென்று பிளாஸ்டிக் நாற்காலிமேல் ஏறிவிட்டார். ஒரு கையில் பல்பு, மறு கை சுவரில். கதவு திறந்திருந்ததால் பார்த்தேன். ஆளைக் கூப்பிட்டால் பல்பு விலையைவிட வருகைக் கட்டணம் அதிகமாம்!

மூத்தோர் நடுவங்கள் ஒவ்வொன்றிலும் அரசு செலவில் ஒரு பழுதுபார்ப்பாளரை நியமிக்கலாம். பெயருக்கு இரண்டு வெள்ளி வாங்கட்டும். இலவசம் என்றால் எங்கள் பாட்டி கூப்பிடமாட்டார்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகி